பதினான்காவது ஆட்டத்தின் பதில்

அத்தியாயம் 9

"நான் கையெழுத்துப் போட்டுடறேன்க்கா."

போன் ஸ்பீக்கரில் கயலின் குரல் கேட்டபோது சபரி 880 ஃப்ரீவேயில் மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தான். பக்கத்து லேனில் ஒரு சிமெண்ட் லாரி அவனை முந்திப் போனது. வேறு நாளாக இருந்தால் அந்த லாரி டிரைவரைப் பற்றி அவன் ஒரு பிரசங்கமே செய்திருப்பான். இன்று வாயைத் திறக்கவில்லை.

"எதுல கையெழுத்து?" என்று கேட்டாள் ருக்ஸானா. மடியில் ஒரு கட்டு காகிதம். கண் அதிலிருந்து விலகவில்லை.

"வக்கீல் எழிலரசி மேடம் காட்டின பேப்பர்ல. ஒத்துக்கிட்டா தண்டனை கம்மியாகுமாம். இல்லன்னு கேஸ் நடத்தித் தோத்துட்டா நாலு வருஷம் வரைக்கும் போகலாமாம்."

"ஒத்துக்கிட்டா உன் விசா?"

"போயிடும். ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"நீ கார் ஓட்டலையே கயல். அப்புறம் எதுக்கு ஒத்துக்கணும்?"

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குக்கா. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தேன். போலீஸ் கதவைத் தட்டுறப்பதான் முழிச்சேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் நீதான், நீதான்னு சொல்றாங்க. தூக்கத்துலயே எழுந்து போய் ஓட்டிட்டேனோ?"

ருக்ஸானா முதல்முறையாகக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒன்றரை மணிக்குத்தானே கோர்ட்? அதுவரைக்கும் பேனாவைத் தொடாதே. தொட்டா நானே வந்து அறைவேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.

மணி பத்து ஐம்பது.

சனிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு, ஃப்ரீமான்டில் மௌரி அவென்யூவில், மளிகைப் பையோடு சாலையைக் கடந்த குத்புதீன் என்ற அறுபத்தோரு வயது மனிதரை ஒரு சாம்பல் நிறக் கார் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ பாதி நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்தில் போலீஸ் அந்தக் காரை நஞ்சுண்டன் என்பவருடைய வீட்டு கராஜில், உடைந்த ஹெட்லைட்டோடு கண்டுபிடித்தது.

காருக்குச் சாவி இரண்டு. ஒன்று நஞ்சுண்டனிடம். மற்றொன்று அவர் வீட்டுப் பின் அறையில் குடியிருக்கும் கயலிடம். மில்பிடாஸில் சிப் டெஸ்டிங் வேலைக்குப் போய்வர அந்தக் காரைத்தான் அவள் கேட்டு வாங்கி ஓட்டுவாள்.

நஞ்சுண்டனிடம் அசைக்க முடியாத ஓர் ஆதாரம் இருந்தது. அன்று இரண்டு மணியிலிருந்து நாலரை வரை தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆன்லைன் பிரிட்ஜ் போட்டி ஆடியிருக்கிறார். இருபத்து நான்கு ஆட்டம். ஒவ்வொரு ஏலமும் ஒவ்வொரு சீட்டும் மணி நிமிஷத்தோடு பதிவாகியிருந்தது. அவருடைய ஜோடி அனந்தராமன், "ஆமாம், என்னோடுதான் ஆடினார்" என்று போலீஸிடம் சொன்னார். மனைவி ஷ்யாமளா, "நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்" என்றார். மிச்சம் இருந்தது கயல். தூங்கியதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

"அந்தப் பதிவை நஞ்சுண்டன் அங்கிளே பிரிண்ட் போட்டு, ஸ்டேப்பிள் பண்ணி போலீஸ்ல கொடுத்தாராமே" என்றான் சபரி. "இவ்வளவு நீட்டா இருக்கிற ஆளுங்களைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது மேடம்."

சபரி ஒரு மென்பொருள் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவன். கம்பெனி அவனையே ஒரு பிழையாகக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டது. ருக்ஸானா பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களை மோப்பம் பிடித்துவிட்டு, லைசென்ஸ் வாங்கித் தனியாகத் துப்பறிய உட்கார்ந்தவள். கல்லூரி ஹாஸ்டலில் பிரிட்ஜ் ஆடிக் கோப்பை வாங்கியவள் என்பது சபரிக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

"பதினாலாவது ஆட்டம் இடிக்குது சபரி."

"பொறுமையா சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே சீட்டாட்டம் கழுதை. அதுலயும் எப்பவும் கழுதை நான்தான்."

"நாலு பேர். எதிரும் புதிருமா உக்கார்றவங்க ஜோடி. ஆளுக்குப் பதிமூணு சீட்டு. ஆட்டத்துக்கு முன்னாடி ஏலம். ஏலத்துல ஒருத்தன் 'ஒன் நோ டிரம்ப்'னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்? பெரிய சீட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு, கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட்னு நாலு ஜாதியும் சமமா இருக்கு, எவனும் குறுக்க வராதேன்னு அர்த்தம்."

"எங்க மாமனார் நிச்சயதார்த்தத்துல பேசின மாதிரி."

"அதையும் மீறிக் குறுக்க போகணும்னா? வாயைத் திறந்து பார்ட்னர்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. ஏலம் மட்டும்தான் பேச்சு. அதனால ஒவ்வொரு ஜோடியும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கும். எதிராளி ஒன் நோ டிரம்ப் சொன்னதும் நான் இன்னதைக் கேட்டா எங்கிட்ட இன்னது இருக்குன்னு அர்த்தம். அதை ஒரு அட்டையில எழுதி எல்லாருக்கும் தெரியற மாதிரி வெக்கணும். ஒளிவு மறைவு கூடாது."

"சரி."

"நஞ்சுண்டன், அனந்தராமன் அட்டையில 'ரெண்டு கிளப்'னு கேட்டா 'ஹார்ட், ஸ்பேட் ரெண்டும் எங்கிட்ட நிறைய இருக்கு'ன்னு அர்த்தம். இதைப் பாரு. மூணு மணி ஆறு நிமிஷம். எதிராளி ஒன் நோ டிரம்ப். நஞ்சுண்டன் பேர்ல உக்காந்திருந்த ஆள் ரெண்டு கிளப். கையில என்ன இருந்துச்சு?"

டிராபிக் மொத்தமாக நின்றுபோயிருந்தது. சபரி எட்டிப் பார்த்தான். "டைமண்ட் ஆறு. கிளப் மூணு. ஹார்ட் மூணு. ஸ்பேட் ஒண்ணே ஒண்ணு. இல்லாததை இருக்குன்னு சொல்லியிருக்கார்."

"இந்த அட்டைப்படி பொய். ஆனா வேற ஒரு முறை இருக்கு. அதுல ரெண்டு கிளப்னா, 'ஏதோ ஒரு ஜாதி எங்கிட்ட நீளமா இருக்கு, எதுன்னு அப்புறம் சொல்றேன்'. அந்த முறைப்படி இந்தக் கைக்கு இதுதான் சரியான ஏலம். அவங்க ஆடற சங்கத்தோட வெப்சைட்ல பழைய அட்டைகளைத் தேடினேன். பன்னெண்டு வருஷம் அந்த முறையை ஆடின ஜோடி ஒண்ணு இருக்கு. நஞ்சுண்டன், ஷ்யாமளா. போன வருஷம்தான் ஆட்டத்துல பொண்டாட்டியைக் கழட்டி விட்டுட்டு அனந்தராமனைப் பார்ட்னரா சேர்த்துக்கிட்டு, முறையையும் மாத்தினார்."

சபரி ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். ஹார்ன் அலறியது. முன் காரிலிருந்தவர் திரும்பி முறைத்தார்.

"அப்ப அந்த நேரத்துக்கு நாற்காலியில உக்காந்திருந்தது ஆன்ட்டி! அங்கிள் இல்ல!"

"அதைத்தான் அவர் முகத்துக்கு நேரா கேக்கப் போறோம்" என்றாள் ருக்ஸானா.

சன்னிவேலில், எல் கமீனோ ரியலில் ஒரு தோசைக் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த ஹால். செவ்வாய்க்கிழமை காலை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மேஜை, முப்பத்தாறு பேர், ஒரு சத்தமும் இல்லை. ஏலத்தைக்கூட வாயால் சொல்லாமல் அச்சடித்த சிறு அட்டைகளைப் பெட்டியிலிருந்து உருவி மேஜையில் வைத்தார்கள். ஆட்டத்தை நடத்தும் நாகமணி என்ற அம்மாள் வாசலிலேயே இவர்களை நிறுத்தி, உதட்டில் விரலை வைத்து, இடைவேளை பதினொன்று ஐம்பதுக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்.

சபரி ஓரமாக நின்று நஞ்சுண்டனைப் பார்த்தான். இஸ்திரி கலையாத சட்டை. நரைத்த மீசையை அளவெடுத்து வெட்டியிருந்தார். ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான், தன் வீட்டில் குடியிருந்த பெண்ணுக்கு இன்று கோர்ட். இந்த மனுஷன் சீட்டை விசிறிபோல் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று சபரிக்கு ஆத்திரமாக வந்தது. எதிரே வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக அனந்தராமன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை மணி அடித்ததும் ருக்ஸானா தன் கார்டை நீட்டினாள். பதினான்காவது ஆட்டத்தை விரித்துக் காட்டிக் கேள்வியைக் கேட்டாள். நஞ்சுண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்தார்.

"அட, ஆமாங்க அம்மிணி. தப்புத்தான் பண்ணியிருக்கேன்."

"உங்க அட்டையை நீங்களே டைப் பண்ணியிருக்கீங்க. அதுல எப்படித் தப்பு வரும்?"

"அறுபத்தஞ்சு வயசாச்சுங்க. ஒரு நிமிசம் புது முறை மறந்துபோச்சு. பழைய முறையை என் சம்சாரம் மட்டுமா ஆடுனா? பன்னெண்டு வருசம் எதிர்ல உக்காந்து நானும்தானே ஆடுனேன்? கை பழக்க தோசத்துல போயிருச்சு." காகிதத்தைப் பொறுமையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மறதி ஒரு குத்தம்னு எந்தக் கோர்ட்லயாச்சும் சொன்னா எனக்கும் சொல்லி அனுப்புங்க. பாவம் அந்தப் புள்ள. அது நல்ல புள்ளதான். தூக்கக் கலக்கத்துல ஓட்டியிருக்கும்."

அவர் காபி எடுக்கப் போய்விட்டார்.

காரில் வரும்போது மலைபோல் தெரிந்த துப்பு, ஒரு சிரிப்பில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மணி பதினொன்று ஐம்பத்து நான்கு. கோர்ட்டுக்குத் திரும்பிப் போக முக்கால் மணி நேரம் வேண்டும்.

வெளியே பார்க்கிங்குக்கு வந்ததும் ருக்ஸானா காரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா யோசிச்சு வெச்சிருக்கான். அவனும் அந்த முறையை ஆடினவன்தான். எப்படி நான் அதை விட்டேன்?"

"விடுங்க மேடம். எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல."

"என்ன?"

"இந்த அங்கிள் மறந்துட்டார், சரி. எங்கிட்ட ஹார்ட்டும் ஸ்பேடும் இருக்குன்னு பொய்த் தகவல் போயிருச்சு. அப்ப எதிர்ல இருந்த அங்கிள் ஏமாந்திருக்கணுமே? கழுதை ஆட்டத்துலகூட ஒருத்தன் தப்பா சீட்டு போட்டா பக்கத்துல இருக்கிறவன் கத்துவான். இதுல ஏன் யாரும் கத்தல?"

ருக்ஸானா கண்ணைத் திறந்தாள். காகிதத்தைக் கைப்பையிலிருந்து இழுத்துக் காரின் பானெட் மேல் விரித்தாள். அவள் விரல் கீழே ஓடியது. ஒரே ஒரு வரியில் நின்றது.

"சபரி."

"மேடம்?"

"உன்னை வேலையை விட்டு எடுத்த கம்பெனி உருப்படாது."

அனந்தராமன் ஹாலின் பக்கவாட்டில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ருக்ஸானா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன்னை யார் என்று சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"போலீஸ்கிட்டயே எல்லாம் சொல்லியாச்சும்மா."

"கேஸ் இருக்கட்டும் அங்கிள். நானும் ஒரு காலத்துல ஆடினவதான். ஒரு கை காட்டறேன், என்ன கேப்பீங்கன்னு சொல்லுங்க." கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பதிமூன்று சீட்டுகளைப் பொறுக்கிப் பெஞ்சில் வரிசையாக அடுக்கினாள். ஸ்பேட் ஐந்து, ஏஸும் கிங்கும் சேர்த்து. ஹார்ட் நான்கு. கிளப் இரண்டு. டைமண்ட் இரண்டே இரண்டு, அதுவும் ஐந்தும் மூன்றும்.

பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் முன்னால் ஒரு கையை விரித்துக் கேள்வி கேட்டால் அவர்களால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வீடு பற்றி எரிந்தாலும் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்கள். அனந்தராமனின் கை ஆரஞ்சோடு அப்படியே நின்றது.

"எதிராளி ஒன் நோ டிரம்ப். உங்க பார்ட்னர் ரெண்டு கிளப். அதாவது ஹார்ட்டும் ஸ்பேடும் அவர்கிட்ட நிறைய இருக்கு. அடுத்த ஆள் பாஸ். இப்ப நீங்க?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாலு ஸ்பேட். நேரா நாலுக்குத் தாவ வேண்டியதுதான். இதைக் கேக்காதவன் ஆட்டத்தை விட்டுட்டு..."

வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் சீட்டுகளை இன்னொரு முறை பார்த்தார்.

"இது சனிக்கிழமை உங்க கை அங்கிள். பதினாலாவது ஆட்டம். நீங்க நாலு ஸ்பேட் கேக்கல. ரெண்டு டைமண்ட் கேட்டீங்க. அஞ்சும் மூணும் வெச்சுக்கிட்டு."

அவர் விரல் அந்த இரண்டு டைமண்ட் சீட்டுகளின் மேல் போய் நின்றது.

"பழைய முறையில ரெண்டு கிளப்புக்கு அதுதான் பதில். 'உன் நீளமான ஜாதி எதுன்னு காட்டு'. பார்ட்னர்கிட்ட இருந்தது டைமண்ட். அங்கேயே பாஸ் பண்ணி நிறுத்தியாச்சு. அழகா முடிஞ்சது. நஞ்சுண்டன் அங்கிள் மறந்துட்டதாச் சொல்றார், ஒத்துக்கறேன். ஆனா நீங்க அவரோட பழைய முறையை ஒரு நாள்கூட ஆடினதில்ல. அவர் மறந்த அதே நிமிஷத்துல, உங்களுக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?" ருக்ஸானா குரலைத் தாழ்த்தினாள். "தப்புப் பண்ணினவரைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. அந்தத் தப்பைப் பார்த்து நீங்க ஆச்சரியப்படல. அதுதான் அங்கிள் சாட்சி."

ஆரஞ்சு அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. சபரி அதை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கமிட்டிக்குச் சொல்லிடாதீங்கம்மா" என்றார் அனந்தராமன்.

சபரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "எந்தக் கமிட்டி?"

"பிரிட்ஜ் கமிட்டி. ஒருத்தர் ஐடியில இன்னொருத்தர் உக்கார்ந்து ஆடறது பெரிய குத்தம். தெரிஞ்சும் கூட ஆடினா எனக்கும் தண்டனை. ஒரு வருஷம் தள்ளி வெச்சுடுவா. பதினோரு வருஷமா ஆடறேன், அடுத்த மாசம் எனக்குப் பட்டம் வரணும். அத்தனையும் போயிடும்." அவர் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஷ்யாமளாதான் ஆடினா. அப்பப்ப உக்காருவா. புது முறை அவளுக்குப் பிடிக்காது, நான் பழையதுதான் ஆடுவேன்னு சொல்லுவா. எனக்கும் அவளே கத்துக் கொடுத்தா. அவ உக்காரும்போதெல்லாம் போன்ல ஒரு மெசேஜ் அனுப்புவா."

"சனிக்கிழமையும் அனுப்பினாங்களா?"

போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். சனிக்கிழமை, இரண்டு மணி நான்கு நிமிஷம். 'இன்னிக்கு நான்தான். பழைய முறை.'

ருக்ஸானா போனைத் தொடவில்லை. "இதை ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?"

"நஞ்சுண்டன் ராத்திரி கூப்பிட்டான். போலீஸ் கேட்டா நான்தான் ஆடினேன்னு சொல்லிடு, ஷ்யாமளா பேர் வெளில வந்தா மூணு பேரும் கிளப்ல இருந்து அவுட்டுன்னான். சரின்னேன். ஒரு ஆட்ட விவகாரம்தானேம்மா? அந்த ஆக்சிடெண்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது அந்தப் பொண்ணு..."

"அங்கிள், அவர் அந்த நாற்காலியில இல்லன்னா எங்க இருந்தார்?"

"தலைவலின்னு மாடியில படுத்திருந்தான்."

"யார் சொன்னா?"

"அவன்தான்..." என்று தொடங்கிய அனந்தராமன் அப்படியே நின்றுவிட்டார். நாலு நாளாக அந்தக் கேள்வியை அவர் ஒரு முறைகூடத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. விதியை மீறினோமே, பட்டம் போய்விடுமே என்று பயந்து நடுங்கியவருக்கு, அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. சபரிக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே இரக்கமாகிவிட்டது. மீதிப் பாதி கோபமாகவே இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு வயசு அங்கிள்" என்றான். "இன்னும் ஒன்றரை மணி நேரத்துல, பண்ணாத தப்புக்குக் கையெழுத்துப் போடப் போறா. இப்ப தான்தான் பண்ணினேனோன்னு அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா."

ஹாலின் கதவு திறந்தது. நஞ்சுண்டன் வெளியே வந்தார். பெஞ்சில் அடுக்கியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒரு பார்வையில் அது எந்தக் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நடை மட்டும் மாறவில்லை.

"அனந்தா, அடுத்த ரவுண்டு ஆரம்பிச்சாச்சு. வா போலாம்."

அனந்தராமன் எழுந்தார். ருக்ஸானா அவரைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அனந்தராமன் ஒரு அடி வைத்துவிட்டு நின்றார்.

"நஞ்சுண்டா, சனிக்கிழமை மத்தியானம் தலைவலின்னு படுத்திருந்தேன்னு சொன்னியே."

"அதுக்கென்ன இப்ப?"

"படுத்திருந்தியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அனந்தராமன் அதை நம்பவே விரும்பினார். அவர் நிற்கும் விதத்திலேயே அந்தக் கெஞ்சல் இருந்தது.

நஞ்சுண்டன் இரண்டடி நெருங்கி வந்தார். "வாயைத் தொறந்தா எம்பேரு மட்டும் கெடாது. உம்பேரும் சேர்ந்துதான் கெடும். போலீசுல பொய் சொன்னவன் நீ. அதை நெனச்சுப் பாத்துட்டு உள்ள வா."

தலைவலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அனந்தராமன் கழுத்தில் தொங்கிய கிளப் பெயர் அட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். "உன் கார் எதுப்பா?" என்று சபரியைக் கேட்டார்.

"அந்த நீலக் கார் அங்கிள்" என்றான் சபரி.

"அனந்தா!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அதற்குள் நாகமணி அம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டி, உதட்டில் விரலை வைத்து, நஞ்சுண்டனைக் கடுமையாக முறைத்தார்.

திரும்பும் வழியில் ருக்ஸானா பின் ஸீட்டில் அனந்தராமன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தாள். போனிலிருந்த மெசேஜை அவரே எழிலரசிக்கு அனுப்பினார். கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை நிமிர்ந்து, "பொய் சொன்னதுக்கு என்னை உள்ள வெப்பாளா?" என்று கேட்டார்.

"தெரியல அங்கிள். நீங்களாவே வந்து சொன்னீங்கன்னு நான் சொல்லுவேன்."

"அதுவும் முழுசா நிஜமில்லையே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட் வராந்தாவை அவர்கள் எட்டியபோது மணி ஒன்று பத்தொன்பது. எழிலரசி பாதி வழியிலேயே எதிரே ஓடி வந்தார். காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் வாய் லேசாகத் திறந்தது. "சார், நீங்க என்கூட வாங்க. அரசு வக்கீலை இப்பவே பார்க்கணும். இதை அவர் காதுல போடாம யாரும் எதையும் ஒத்துக்கப் போறதில்ல" என்று அனந்தராமனைக் கையோடு அழைத்துக்கொண்டு நடந்தார்.

கயல் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பேப்பர். கையில் பேனா, மூடி கழற்றாமல். யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டர் தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. ருக்ஸானா எதிரே முழங்காலிட்டு அமர்ந்து, பேனாவை அவள் கையிலிருந்து எடுத்தாள்.

"மூணு மணிக்கு நஞ்சுண்டன் அந்த ரூம்ல இல்ல கயல். ஆடினது ஷ்யாமளா. கூட ஆடினவரே எழுதிக் கொடுத்துட்டார். எழிலரசி அதை எடுத்துட்டுப் போயிருக்காங்க."

கயல் அவளையே பார்த்தாள். அழுவாள் என்று சபரி எதிர்பார்த்தான். டிஷ்யூவைத் தேடிப் பாக்கெட்டில் கையைக்கூட விட்டான்.

"அப்ப நான் தூங்கிட்டுத்தான் இருந்தேனாக்கா?"

"தூங்கிட்டுத்தான்மா இருந்தே."

"சனிக்கிழமையிலேர்ந்து நான் கண்ணே மூடலைக்கா. தூங்கினா மறுபடியும் எழுந்து எங்கயாவது போயிடுவேனோன்னு பயம். ஜாமீன்ல வந்தப்புறம் ஃப்ரெண்ட் வீட்ல கதவுக்குக் குறுக்க நாற்காலியைப் போட்டு அதுலயே உக்காந்திருந்தேன்."

ருக்ஸானா எழுந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கயலின் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. சபரி குனிந்து பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னதாக ஒரு குறட்டை வந்தது.

ஒன்று இருபத்தேழுக்கு அறைக் கதவு திறந்தது. கையில் லிஸ்டோடு ஒரு ஊழியர் வெளியே வந்து, அவளுடைய முழுப் பெயரையும் தப்புத் தப்பான உச்சரிப்பில் உரக்கப் படித்தார். ருக்ஸானா அசையவில்லை. சபரி ஓடிப்போய் அந்த ஆளின் முன்னால் நின்று கையைக் கூப்பினான்.

"ப்ளீஸ், சார்" என்றான். "ரெண்டே நிமிஷம். அவ தூங்கறா."